துடைத்து வைத்த பெட்டி

சுரங்கத்தில் அவருக்கு வைத்த பெயர் மூக்கு. மூக்கு ஒன்றும் பெரிதில்லை. நிலத்தடியில் எரிவாயு சேர்கிறதா என்று மோப்பம் பிடிக்கும் பெட்டிகள் அவர் பொறுப்பில் இருந்தன, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அந்தப் பெட்டிகள் அவர் உயிரை வாங்கின. ஈரம் பட்டு ஏதாவது ஒன்றுக்குக் கிறுக்குப் பிடிக்கும். சங்கு ஊதும், வேலை நிற்கும், ஆட்கள் அடித்துப் பிடித்து மேலே வருவார்கள். பார்த்தால் ஒன்றும் இருக்காது. வசவெல்லாம் மூக்குக்குத்தான். மனிதர் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி செய்தார். ஒவ்வொரு பெட்டியும் அக்கம்பக்கத்துப் பெட்டிகளோடு தன் அளவை ஒப்பிட்டுக்கொள்ளும். ஒன்று மட்டும் தனியாக எகிறினால் மற்றவை அதன் பேச்சை ஒதுக்கிவிடும், சங்கு ஊதாது. அதிகாரிகள் தோளில் தட்டினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு நிர்வாகம் சிக்கனம் என்று சொல்லி, பெட்டி துடைக்கும் ஆட்களை நிறுத்தியது. அவர் கண்டும் காணாமல் இருந்தார். பெட்டியின் வாயில் உள்ள வலையைத் தூசி அடைத்தால் வாயு உள்ளே எட்டாது என்பது அவருக்குத் தெரியாததா? கோழைத்தனம், வேறென்ன. கடைசி முனையில் நிலக்கரி வெட்டும் மனைவியின் அண்ணனிடம் மட்டும் காதோடு சொன்னார்.

"மச்சான், உங்க தலைக்கு மேல இருக்கறதையாவது தினம் துடைச்சிடுங்க."

"நல்லா இருக்கே மாப்ளே! சம்பளம் உங்களுக்கு, துடைக்கறது நானா?"

சிரித்தாலும் மச்சான் ஒரு நாள்கூடத் தவறாமல் துடைத்தார். பக்கத்துப் பெட்டிகளை யாரும் தொடவில்லை.

வாயு கசிந்த அன்று துடைத்த பெட்டி மட்டும் உள்ளதைச் சொன்னது. சுற்றியிருந்தவை தூசியில் மூச்சடைத்துப்போய், ஒன்றும் இல்லை என்றன. தரைக்கு மேலே, மூக்கின் அறைத் திரையில் அந்தத் துடைத்த பெட்டிக்கு நேராக 'ஒதுக்கப்பட்டது' என்று வந்தது. மூக்கு பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்த சொல்தான். டீயை உறிஞ்சிக்கொண்டே அடுத்த திரைக்குப் போனார். அந்த டீ ஆறுவதற்குள் தரை அதிர்ந்தது.

திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் மச்சானின் உடலைக் கொடுத்தார்கள்.

அழுது ஓய்ந்த மனைவி கேட்டாள்: "அண்ணன் தினம் துடைச்சாரே. அதுகூடவா சொல்லலே?"

கெட்டுப்போயிருந்தது என்றால் நம்பிவிடுவாள். அப்படிச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"சொல்லுச்சு."

"அப்புறம் ஏன் சங்கு ஊதலே?"

"அது ஒண்ணு மட்டும் சொன்னா நம்பக் கூடாதுன்னு நான்தான் பண்ணி வச்சிருந்தேன்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து, அண்ணன் பிள்ளைகள் படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.