தைப் பனியில் மீன் கடிக்குமா?

போன வாரம் என் அக்கா சேற்றில் குப்புறப் படுத்தாள்.

வழுக்கி விழவில்லை. தானாகவே படுத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கைகால்களை நன்றாகப் பரப்பிக்கொண்டு, நிதானமாகப் படுத்தாள். போட்டிருந்தது என் மனைவி ஷீலாவின் புது சுடிதார். அது சம்பந்தமான விசாரணை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

ஏன் படுத்தாள்? முதலிலிருந்து சொல்கிறேன்...

அக்கா எஸ்தர், நர்ஸ். கல்யாணமானதும் அத்தானோடு கனடா போனவள். அங்கே வடக்கே ஒரு சின்ன ஊர். ஏரியும் காடும்தான் ஊரே. பக்கத்து ஊர் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாள். கிறிஸ்துமஸுக்குத் தனியாகத் தஞ்சாவூர் வந்தாள். அத்தானுக்கு முட்டியில் ஆபரேஷன், வரவில்லை. தை முடியும்வரை எங்களோடுதான்.

தைப் பனிக்கு நாமெல்லாம் என்ன செய்வோம்? காதை மூடிக் குல்லா, மஃப்ளர், கதவைச் சாத்து. அக்கா மட்டும் காலையில் ஃபேனைப் போட்டுவிட்டு அதற்கு நேர் கீழே உட்கார்ந்து காபி குடிப்பாள். "என்னடா, இப்படிப் புழுங்குது?" என்பாள். நான் தும்மிக்கொண்டே தள்ளிப் போய் உட்காருவேன்.

இனி கருணாகரன் அண்ணன். கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தூண்டில் கூட்டாளி. பேராவூரணிப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள் நல்ல பெரிய குளம். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததிலிருந்து ஐப்பசி மழை வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கிடப்போம். கார்த்திகை பிறந்தால் போதும்... அண்ணன் தூண்டிலைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார்.

"பனிக் காலத்துல மீன் வாயத் தொறக்காது தம்பி. அதுக்கு மட்டும் குளிராதா?"

வருஷாவருஷம் இதையே சொல்வார். வருஷாவருஷம் நானும் தலையாட்டுவேன். இந்தத் தையில் ஒருநாள் அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர் அதை அக்காவிடமே சொல்லிவிட்டார். அங்கேதான் ஆரம்பித்தது.

"யாரு சார் சொன்னா?" என்றாள் அக்கா. "எங்க ஊர்ல ஏரியே கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கும். அது மேல வண்டிய ஓட்டிட்டுப் போயி, ஓட்டை போட்டு, ஸ்டூல் போட்டு உக்காந்து மீன் பிடிப்போம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "உங்க அக்கா நல்லா கதை விடுறாங்க தம்பி."

அக்கா போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை. நடுவில் சோற்றுப் பானை வாய் அளவுக்கு ஒரு ஓட்டை. பக்கத்தில் கம்பளி மூட்டை மாதிரி ஒரு உருவம் — அக்காதான். கையில், முழங்கை நீளத்துக்கு ஒரு மீன்.

அண்ணன் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தார். மீனைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "சரி சிஸ்டர்" என்றார் கடைசியாக. நர்ஸ் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு அக்கா சிஸ்டர்தான். "செவ்வாய்க்கிழமை தோப்புக்கு வாங்க. நம்ம குளத்துல ஒரே ஒரு மீனு... பிடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

ஆக, போட்டி!

செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அண்ணன் விடியலிலேயே வந்து தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மஃப்ளருக்குள் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. வாளியில் ஒன்றும் இல்லை. முகத்தில் மட்டும் வெற்றிச் சிரிப்பு.

"நான்தான் சொன்னேன்ல?"

"விடியறப்பவே வந்து உக்காந்தா எப்படி சார்? மீனு அப்ப தூங்கியே எந்திரிச்சிருக்காது" என்றாள் அக்கா.

அதன் பிறகு அவள் செய்ததை வரிசையாகப் பார்த்தேன். எனக்கும் தூண்டில் பழக்கம் உண்டு என்பதால் ஒவ்வொன்றும் உறைத்தது. முதலில் குளத்தைச் சுற்றி ஒரு நடை. மோட்டார் கொட்டகைப் பக்கம் கரை செங்குத்து, அங்கேதான் ஆழம். குளிர் நாளில் மீன் அடியில் போய் ஒண்டிக்கொள்ளும், ஆகவே அந்த இடம். அவளுக்கென்று அண்ணன் கொண்டு வந்திருந்த தூண்டிலின் தடித்த நரம்பை அவிழ்த்துவிட்டு, தலைமுடி மாதிரி மெல்லிய நரம்பு. இருப்பதிலேயே சின்ன தூண்டில் முள். நாம் வைக்கிற எலுமிச்சங்காய் சைஸ் மாவு உருண்டை கிடையாது — புழுவில் ஒரு துணுக்கு, அவ்வளவுதான்.

"குளிர்ல அதுக்குப் பசி கம்மிடா. தொரத்திட்டு வந்து திங்காது. நாமதான் அது வாய்க்கிட்ட கொண்டு போயி, மெதுவா ஆட்டி... ஆசை காட்டணும். காய்ச்சக்காரனுக்குக் கஞ்சி குடுக்குற மாதிரி."

நர்ஸ் அல்லவா? உதாரணமும் வார்டிலிருந்துதான் வருகிறது.

இரையை அடி மண்வரை இறக்கினாள். ஒரு சாண் தூக்கினாள். நிறுத்தினாள். லேசாக ஓர் ஆட்டு. மறுபடி நிறுத்தினாள். தக்கை முங்கக்கூட இல்லை. லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். நானாக இருந்தால் காற்று என்று விட்டிருப்பேன். அக்கா மணிக்கட்டைத் திருப்பினாள்.

கெண்டை! உள்ளங்கை அகலம். வெயிலில் வெள்ளித் தட்டு மாதிரி துள்ளியது.

அண்ணன் மஃப்ளரை அவிழ்த்தார். அடுத்தது வந்தது. அதற்கடுத்து ஒரு கெளுத்தி. தோப்பு வீட்டிலிருந்து அண்ணனின் மனைவி வாசுகி அண்ணி எட்டிப் பார்த்து, "அட! வாணலி வைக்கவா அக்கா?" என்று குரல் கொடுத்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு தூண்டில்காரர் சும்மா இருப்பாரா? அண்ணனும் மெல்லிய நரம்பு கட்டினார். சின்ன முள் போட்டார். அக்கா சொன்ன மாதிரியே ஆட்டினார். அவருக்குக் கெண்டையா மாட்ட வேண்டும்? மாட்டியது விரால்!

மெல்லிய நரம்பில் விரால் மாட்டினால் பிடித்து இழுக்க முடியாது. விட்டுப் பிடிக்க வேண்டும். அது நேராக எதிர்க்கரைக் கோரைப் புல்லுக்குள் போய்ப் புகுந்துகொண்டது. நரம்பு சிக்கிவிட்டது. இந்தப் பக்கம் நின்று இழுத்தால் அறுந்துவிடும். அண்ணன் தூண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையைச் சுற்றி எதிர்ப்பக்கம் ஓடினார்.

அந்தப் பக்கம் போன கோடையில் ஜேசிபி விட்டு வண்டல் எடுத்த பள்ளம். ஐப்பசி மழையில் மறுபடி வண்டல் வந்து நிரம்பியிருந்தது. தண்ணீர் வற்றி, மேல் மண் காய்ந்து வெடித்து, பார்க்கத் தரை மாதிரியே இருந்தது. அண்ணன் அதன்மேல் நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் தொடைவரை போய்விட்டார்.

முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். காலை உருவப் பார்த்தார். ஒரு காலைத் தூக்க, மறுகால் இன்னும் இறங்கியது. இடுப்பு வந்தது. சிரிப்பு நின்றது.

"தம்பி..." என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர். முகம் சாம்பல் பூத்துவிட்டது. நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். விளிம்புக்கு வந்தாயிற்று. கால் வைக்கப் போனேன்.

"நில்லுடா!"

சின்ன வயதில்கூட அக்கா என்னை அப்படி அதட்டியதில்லை. அப்படியே நின்றேன்.

"ஒரு அடி வச்ச, பல்லைத் தட்டிருவேன். கயிறு எங்க இருக்கு?"

மோட்டார் இறக்குகிற நைலான் கயிறு கொட்டகையில் இருந்தது. அதன் ஒரு முனையைத் தென்னையில் கட்டச் சொன்னாள். வேலி அடைக்க முடைந்து அடுக்கியிருந்த கீற்றை இழுத்து வரச் சொன்னாள். வாசுகி அண்ணி அலறிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கும் வேலை கொடுத்தாள்: "அழுவாத. ஃபயர் சர்வீஸுக்கு போன் போடு. அப்புறம் மோட்டாரைப் போட்டு, மரத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ஹோஸை இழுத்துட்டு வா."

பள்ளத்தின் விளிம்பில் நின்றபடியே அண்ணனிடம் பேச ஆரம்பித்தாள். சத்தமே இல்லாத குரல். ராத்திரி வார்டு ரவுண்ட்ஸ் போகிற குரல்.

"சார், என்னையப் பாருங்க. காலை ஆட்டாதீங்க. அப்படியே பின்னால சாயுங்க... ஈஸி சேர்ல சாயுற மாதிரி. கைய ரெண்டு பக்கமும் விரிங்க. மூச்ச மெதுவா விடுங்க. நான் வர்றேன்."

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கீற்றை விரித்தாள். படுத்தாள்.

ஒரு கீற்றின் மேல் ஊர்ந்து, அடுத்த கீற்றை முன்னால் தள்ளி, அதன் மேல் ஊர்ந்து... பல்லி மாதிரி போனாள். அறுபது வயது தாண்டியவள்! சேறு அவளைத் தாங்கியது. நின்றால் விழுங்குகிற அதே சேறு, படுத்தால் தாங்குகிறது. அண்ணனின் அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போட்டாள். ஹோஸை வாங்கி, அவர் தொடையை ஒட்டிச் சேற்றுக்குள் செருகினாள். தண்ணீர் உள்ளே போகப் போகச் சேறு இளகியது.

"இப்ப வலது காலை மட்டும்... கொஞ்சமா... ஆட்டுங்க. டேய், கயிறு தொய்யாமப் பாத்துக்க. இழுக்காத! இழுத்தா தோள்பட்டை கழண்டுடும்."

எவ்வளவு நேரம் ஆனது என்று சத்தியமாகத் தெரியாது. கயிறு என் கையை அறுத்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முதலில் ஒரு முட்டி வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. அண்ணன் மல்லாந்தபடியே கீற்றின் மேல் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம்தான் அக்கா, "ம்... இப்ப இழு" என்றாள். வாசுகி அண்ணியும் நானும் சேர்ந்து இழுத்தோம்.

கரைக்கு வந்ததும் அக்கா முதலில் பிடித்தது அவர் நாடியை. "ஓடுது சார், நல்லா ஓடுது" என்றாள். வாசுகி அண்ணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு திட்டினார் பாருங்கள்... அச்சில் ஏற்ற முடியாது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, சிரித்தபடி, அத்தனையையும் வாங்கிக்கொண்டார். ஃபயர் சர்வீஸ்காரர்கள் வந்தபோது அவர் சூடான காபியோடு உட்கார்ந்திருந்தார். அவர்களும் அவரைச் சோதித்துப் பார்த்து, பள்ளத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாயந்திரமே டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது. கால் வீக்கத்தைத் தவிர ஒன்றுமில்லை.

விரால்? அது நரம்பை அறுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டது.

மோட்டார் தொட்டியில் அக்கா சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்கக்கா கத்துக்கிட்ட இதெல்லாம்?"

முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"போன புதுசுல, அங்க பக்கத்து வீட்டுல ஒரு அண்ணன் தம்பி இருந்தாங்க. ஐஸ் மெலிசா இருந்த எடத்துல தம்பி உடைச்சுக்கிட்டு உள்ள விழுந்துட்டான். அண்ணன்காரன் ஓடினான். நான் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்டா... விழுந்த தம்பி எப்படியோ விளிம்பப் பிடிச்சுக்கிட்டுப் பொழச்சுட்டான். காப்பாத்த ஓடினவன்தான் வரலை."

தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமே ஊர்ல ட்ரெய்னிங் குடுத்தாங்க. எல்லாரும் ஒரு தடவை போனாங்க. நான் வருஷாவருஷம் போனேன். ஒரு தடவைகூட யாருக்கும் தேவைப்படலை. இன்னைக்கு நீ செருப்பைக் கழட்டுனதைப் பாத்தேன் பாரு... கையெல்லாம் நடுங்கிருச்சுடா."

நடுங்கியதா? எனக்குத் தெரியவே இல்லையே! கயிறு முடிச்சுப் போட்ட கை அது. மேலே போட்டுக்கொள்ள என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். "குளிருதாக்கா?" என்றேன். "லேசா" என்றாள். தஞ்சாவூர்ப் பனி அக்காவைக் குளிர வைத்தது அன்றைக்குத்தான்.

பிரியமானவர் ஆபத்தில் இருந்தால் நமக்கு முதலில் ஓடத்தான் தோன்றும். ஓடுவது அன்பு. சந்தேகமே இல்லை. ஆனால், ஓடப்போகிற காலை ஒரு நொடி நிறுத்தி, "எப்படிப் போனால் திரும்பி வருவோம்?" என்று யோசிப்பதும் அன்புதான். அது இன்னும் கொஞ்சம் கஷ்டமான அன்பு. அதை யாரும் நமக்குப் பழக்குவதில்லை... பழகிக்கொள்ளலாம். முடியும். என் அக்கா பழகியிருக்கிறாள்.

நேற்று கருணாகரன் அண்ணன் போன் செய்தார். கால் எப்படி என்றேன். "வீக்கம் வடிஞ்சிருச்சு தம்பி. அத விடுங்க. வேலி போட்டாச்சு. நேத்து உச்சி வெயில்ல சின்ன முள்ளு போட்டேன்... என்னமா கடிக்குதுங்கிறீங்க! ஞாயித்துக்கிழமை சிஸ்டரையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். ஷீலாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்!