வேஸ்ட் துணியில் சுற்றிய நாய்

பனியன் வேஸ்ட் குடோனில் எனக்கு வாட்ச்மேன் வேலை. கம்பெனிகளில் வெட்டிப்போடும் துண்டுத்துணி மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து நிறம் பிரிப்பார்கள். சாயங்காலம் அவர்கள் போனபிறகு நானும் மூட்டைகளும்தான். சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் உடுமலைப் பக்கம் மாமனார் ஊட்டோடு இருக்கிறான். போன் செய்வான். "நல்லா இருக்கீங்களாப்பா" என்பான். "இருக்கறேன்" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

நாய் ஒரு மழைக்கு ஒதுங்கியது. அப்படியே இருந்துகொண்டது. சின்ன உருவம், செவலை. பேர் வைக்கவில்லை. "ஏ புள்ளே" என்றால் வரும். ஞாயிற்றுக்கிழமை குடோன் லீவு. அன்றைக்கு நான் பேசுவதெல்லாம் அதனிடம்தான். மழை வருது பாரு. சோறு வெந்திருச்சு. இந்த மாதிரி.

வெள்ளை மூட்டைகளுக்குப் பின்னால் ஆறு குட்டி போட்டது. வெள்ளை வேஸ்ட்டுக்குத்தான் விலை கூட. முதலாளி எட்டிப் பார்த்து, "காஸ்ட்லி எடமாப் பாத்துத்தான் படுத்திருக்குது" என்றார். மூட்டையை நகர்த்தச் சொல்லவில்லை.

குட்டிகள் கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயம். ஐப்பசி மழை. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே நாய் நிலைகொள்ளவில்லை. படுக்கும், எழுந்துகொள்ளும். குட்டி வாய் வைத்தால் விலகிப் போகும். மூச்சு இரைத்தது. பின்னங்காலை விறைப்பாக வைத்துத் தள்ளாடி நடந்தது. அப்புறம் நடுக்கம் கண்டது.

குளிர் என்று நினைத்தேன். இங்கே எதற்கும் வேஸ்ட் துணிதான். எண்ணெய் கொட்டினால் வேஸ்ட். கை வெட்டிக்கொண்டால் வேஸ்ட். சாரல் அடித்தால் சன்னலில் வேஸ்ட்டை அடைப்போம். நான் படுப்பதே அதன்மேல்தான். தடித்த துணியாகப் பார்த்து எடுத்து நாயைச் சுற்றினேன். நடுக்கம் நிற்கவில்லை. இன்னும் சுற்றினேன். அணைவாக இருக்கட்டும் என்று குட்டிகளையும் வயிற்றுப் பக்கம் விட்டேன். அவை பால் குடித்தன. நடுக்கம் கூடியது. பக்கவாட்டில் சாய்ந்தது. நாலு காலும் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டன. வாயில் நுரை. கண் என்னைப் பார்க்கவில்லை.

"ஏ புள்ளே" என்றேன். காதுகூட அசையவில்லை. இது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரிடம் பேசுவேன் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

குட்டிகளைக் கூடையில் போட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். டீக்கடை முன்னால் ஒரு ஆட்டோ நின்றது.

"மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகோணும். குட்டி போட்ட நாய். முடியலைங்க."

ஆட்டோக்காரர் வண்டியின் முதுகைக் காட்டினார். "பிரசவத்துக்கு இலவசம்னு எழுதியிருக்கறது மனுசருக்குங்ணா."

நாயை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அவர் மீதி டீயைக் கீழே ஊற்றினார். "செரி, நாய்க்கு ஆகாதுன்னும் எழுதலை. ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். மூட்டையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்கய்யா, யாரு இப்படிச் சுத்துனது?"

"நாந்தானுங்க. குளிருல நடுங்குதுன்னு."

துணியை உரித்தார். பச்சை, சிவப்பு, கருப்பு, மறுபடி பச்சை. வந்துகொண்டே இருந்தது. "முழு லோடே ஏத்திட்டீங்களேண்ணா" என்றார் ஆட்டோக்காரர். டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து நாயின் வயிற்றில் வைத்தார். கொதித்தது.

"இது குளிரு இல்லீங்க. ஒடம்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலாப் போயிருச்சு. ரத்தத்துல அது கொறஞ்சா இப்படித்தான் இழுக்கும். நடுங்கி நடுங்கியே சூடு ஏறும். நீங்க வேற போத்தி விட்டிருக்கறீங்க."

"பொழைக்குமுங்களா?"

"ஊசி போடறேன். அசையாமப் புடிங்க."

கால் நரம்பில் கால்சியம் மருந்தை ஏற்றினார். மெதுவாக, மிக மெதுவாக. ஸ்டெதாஸ்கோப்பை நாயின் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. "வேகமா ஏத்துனா நெஞ்சு நின்னுரும்" என்றார். நடுவில் கை நின்றது. எதையோ உற்றுக் கேட்டார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். மறுபடி ஏற்றினார். ஆட்டோக்காரர் அதே வேஸ்ட் துணியைக் குழாயில் நனைத்து வந்து நாயின் காலிலும் வயிற்றிலும் போட்டார்.

முதலில் தாடை அடங்கியது. அப்புறம் முன்னங்கால் தளர்ந்தது. கண் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"ஏ புள்ளே."

வால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது.

"என்ன சாப்பாடு போடறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான் திங்கறதுதானுங்க."

"நீங்க என்ன திங்கறீங்க?"

"சோறு. ரசம்."

என்னையும் ஒரு பார்வை பார்த்தார். முட்டை போடச் சொன்னார். கறி கிடைத்தால் போடச் சொன்னார். சோற்றில் கலக்க ஒரு மருந்து கொடுத்தார். "நாளைக்கு வரைக்கும் குட்டிகளை அண்ட விடாதீங்க. புட்டியில பால் குடுங்க. இப்ப குட்டிக குடிச்சா இதுக்கு மறுபடியும் இழுக்கும். அடுத்த ஈத்துலயும் வரும். குட்டிக பெருசானதும் ஆபரேசன் பண்ணிருங்க."

சாயங்காலம் குட்டிகளை என் ரூமுக்குள் வைத்துத் தகரக் கதவைச் சாத்தினேன். நாய் வெளியே. குட்டிகள் கத்தின. அது கதவைப் பிராண்டியது. ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் புட்டியைக் கொடுத்தேன். முதலில் துப்பின. அப்புறம் பிடித்துக்கொண்டன. போன் வந்தது.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"இருக்கறேன்."

"என்ன அங்க சத்தம்?"

"நாயி. குட்டி உள்ள இருக்குது. அது வெளிய கெடக்குது."

"சாப்ட்டீங்களா?" என்றான்.

"முட்டை வேகுது."

"முட்டையா? நீங்களா?"

"நாய்க்கு. எனக்கும் ஒண்ணு போட்டிருக்கறேன்."

போனை வைத்தபிறகு பிராண்டல் ஓய்ந்திருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அது சாய்ந்து படுத்தது. தகரம் லேசாக உள்வாங்கியது. கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. நடுக்கம் இல்லை.