நாமக்கோழிக்குக் காவல் வைத்த மாதேஸ்வரன்

மைசூர் விஜயநகரின் கடைசி ரோட்டில் போய் அய்யாவு என்று கேட்டால், சாமியை வைத்து ஏமாற்றிய வாட்ச்மேன் என்று சிலர் சொல்வார்கள். மற்றவர்களுக்கு ஆளே ஞாபகம் இருக்காது. நான் அவர் பூசிய சுவருக்குக் கலவை சுமந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

அவருக்கு ஊர் ஹனூர் பக்கம், எனக்குக் கொள்ளேகால். அவர் கொத்தனார், நான் சித்தாள். விஜயநகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பத் தொடங்கியிருந்தன. பாதி இடத்தில் வெறும் எல்லைக்கல், மீதியெல்லாம் புல். கடைசி ரோட்டுக்குப் பின்னால் கெரெ. மைசூரில் வருஷக்கணக்காக இருந்ததில் ஏரி என்கிற சொல்லே எங்கள் வாயை விட்டுப் போய்விட்டது, கெரெதான். குளியல் அதில். சோறு வடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். அந்தச் சோற்றின் ருசி இன்றைக்கு வீட்டில் ஃபில்டர் தண்ணீரில் ஆக்கும் சோற்றுக்கு இல்லை. வயதாகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது என்கிறாள் என் வீட்டுக்காரி. இருக்கட்டும்.

சாயங்காலம் காலில் ஒட்டிய சிமெண்டைக் கல்லில் தேய்த்தபடி அய்யாவு அண்ணன் கோரைப் புதரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூலையில் நாமக்கோழிகள் இருந்தன. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஓர் இழுப்பு. கோரைத் தண்டை வாயில் கவ்விப் போய்த் தண்ணீர் மேலேயே கூடு கட்டும்.

"பாத்துக்கடா. அஸ்திவாரம் கெடையாது, தூக்குக்குண்டு கெடையாது. ஒரு பக்கம் சாயுதா பாரு. நேத்து நீ கை வெச்ச செவுரு இன்னைக்கே சாஞ்சு நிக்குது."

"அதுக்கு மேஸ்திரி தொல்லை இல்லீங்ணா."

"பொண்டாட்டி கூடவே நீந்துதில்ல. மேஸ்திரி எதுக்கு?"

பின்னால் ஒருநாள் அதே ரோட்டு வீடொன்றில் சாரம் உடைந்து விழுந்தார். இடது கால் மடங்காமல் போனது. அந்த வீட்டுக்காரர் நல்லவர், கட்டி முடித்த வீட்டுக்கே அவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். கேட்டுக்குப் பக்கத்தில் தகர ரூம். சன்னலைத் திறந்தால் கோரைப் புதர். நான் கொத்து வேலையை விட்டுவிட்டு லக்கேஜ் ஆட்டோ ஓட்டப் போனேன். தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டிலிருந்து அந்தப் பக்கம் லோடு கிடைத்தால் அவர் ரூமில் ஒரு டீ குடிக்காமல் திரும்பமாட்டேன்.

வீடுகள் நிறைந்தன. கெரெயில் குளித்த காலம் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிற காலம் வந்தது. இடித்த சுவரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கல்யாண மண்டபத்து இலை வந்தது, கிழிந்த மெத்தை வந்தது. சிலர் காரை நிறுத்தக்கூட மாட்டார்கள், கண்ணாடியை இறக்கிக் கவரை வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கொட்டாதீர்கள் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். கெரெ உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கன்னடத்தில் திருப்பிக் கேட்டான் ஒருவன். நொண்டிக் காலை வைத்துக்கொண்டு எத்தனை காரைத் துரத்துவது?

ஒருநாள் விடியும் முன்பே தன் ரூமில் மாட்டியிருந்த மாதேஸ்வரன் படத்தைக் கழற்றிக் கொண்டுபோய், கோரை ஓரம் இருந்த அரச மரத்தடியில் ஒரு கல்லில் சாய்த்து வைத்தார். குங்குமம் வைத்தார். எங்கள் பக்கத்து மலைச் சாமி அது. புலி மேல் உட்கார்ந்திருக்கும். அசுத்தம் செய்கிற சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதானே, அதே யோசனைதான்.

எனக்கு ஃபோன் போட்டார். "புலி வேல செய்யுதுடா. ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல."

கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு யாரோ கண்ணாடி உடைந்த லட்சுமி படம் ஒன்றைக் கொண்டுவந்து மாதேஸ்வரனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். உடைந்த சாமிப் படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வராது. கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் போட அதைவிட வராது. ஏற்கெனவே ஒரு சாமி இருக்கிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். லட்சுமிக்குப் பின்னால் கணபதி வந்தார், வெங்கடாசலபதி வந்தார். வாடிய பூவைப் பிளாஸ்டிக் கவரோடு கொண்டுவந்தார்கள். ஜிகினா மாலை, ஊதுபத்திக் கூடு, எண்ணெய் பாட்டில் எல்லாம் சேர்ந்தது.

ரோடு கூட்டுகிற மாதேவியிடம் அண்ணன் கெஞ்சினார். "குப்பைன்னா எடுப்பேண்ணா. இது தேவரு, சாமி. தப்பா ஏதாச்சும் ஆனா நீங்களா வந்து நிப்பீங்க?" என்றாள் அவள்.

இதற்குள் கதை வேறு பரவிவிட்டது. மாதேஸ்வரன் தானாக வந்து உட்கார்ந்தாராம். அண்ணன் வைத்ததை யாரும் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் நான் போனபோது அண்ணன் கரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் செத்த நாமக்கோழி. கழுத்தையும் காலையும் சேர்த்து ஜிகினா மாலை இறுக்கியிருந்தது.

"மாலையெல்லாம் போட்டுத்தான்டா அனுப்பியிருக்காங்க" என்றார்.

அந்த வாரமே முரளிதரன் சார் வந்தார். பேங்கில் இருந்து ரிடையர் ஆனவர், அந்த ரோட்டுச் சங்கத்துக்குத் தலைவர், நம் தமிழ் ஆள்தான். சாமி வெயிலில் இருக்கிறாரே, கோரை மூலையை மண் போட்டு மூடி மேடை கட்டிச் சின்னதாக ஒரு கோயில் எழுப்பிவிடலாம் என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "பூசைக்கு வேற ஆள் எதுக்கு அய்யாவு, நீயே இரு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் பஸ் ஏறி மார்க்கெட்டுக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "திங்கக்கெழம டிராக்டர் வருதுடா. கோரைக்குள்ள முட்ட இருக்குது."

"நிஜத்தச் சொல்லிருங்ணா."

"சொன்னா அந்த ரூமு போயிரும். ஊட்டுக்காரரே அங்க தெனம் வெளக்குப் போடறாரு."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லலீன்னா நானே மண்ணக் கொட்டுன மாதிரி." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நீ திங்கக்கெழம வண்டியக் கொண்டா."

நான் போனபோது மண் டிராக்டர் நின்றிருந்தது. பந்தல், தேங்காய்த் தட்டு, நல்ல கூட்டம். அண்ணன் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். மாதேஸ்வரனுக்குச் சூடம் காட்டினார். பூசாரி ஆகப்போகிறவர்தானே என்று எல்லோரும் வழிவிட்டார்கள். விழுந்து கும்பிட்டுவிட்டுப் படத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா இது, பூஜை டைம்ல? எங்க எடுத்துட்டுப் போறே?" என்றார் முரளிதரன் சார்.

"ஊட்டுக்குங்க சார்."

"ஸ்வாமி தானா வந்து உட்கார்ந்த இடம். நீ யாரு எடுக்க?"

"வெச்சவன் நாந்தானுங்க. என்ற ரூமுல இருந்த படம், பின்னால பாருங்க, கொள்ளேகால் கடைப் பேரு இருக்குது. குப்ப போடாதீங்கன்னு நாஞ் சொன்னா யாரும் கேக்கல. இவரு சொன்னா கேப்பீங்கன்னு வெச்சேன். இவரு மூஞ்சிக்கு எதுத்தாப்லயே கொட்டறீங்க. இவருக்கு இங்க இருக்கப் புடிக்கலீங்க சார், நான் கூட்டீட்டுப் போறேன்."

கூட்டத்தில் ஒருவன் திருடன் என்றான், இன்னொருவன் கையை ஓங்கினான். சாமி அவர் இடுப்பில் இருந்ததால் அடி விழவில்லை. முதலில் சிரித்தது மாதேவிதான். "தேவருக்கு விடை குடுத்தாச்சு, இனிமே எடுக்கலாம்" என்று லட்சுமி படத்தைத் தூக்கி என் வண்டியில் வைத்தாள். டிராக்டர்காரன் பீடியை அணைத்துவிட்டு, சாமி எழுந்து போன இடத்தில் நான் மண் கொட்டமாட்டேன் என்றான். முரளிதரன் சார் தேங்காய்த் தட்டோடு நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

சட்டமும் கண்ணாடியும் பழைய சாமான் வாங்கும் குஜிரிக் கடைக்குப் போயின. படக் காகிதங்களைக் காவேரியில் விட்டுவிடலாம் என்றேன். "அங்கயும் கோழி இருக்குமில்ல" என்றார். மஞ்சள் தண்ணீர் தெளித்து அரச மரத்தடியிலேயே குழி வெட்டிப் புதைத்தோம்.

மறுநாள் வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது அண்ணன் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு ரைஸ்மில் கேட்டில் இருக்கிறார். மாதேஸ்வரனும் அங்கேதான் இருக்கிறார், காவல் கூண்டுக்குள் நாற்காலிக்கு மேலே. சன்னலைத் திறந்தால் உமிக் குவியல்தான் தெரியும்.

கெரெயில் குப்பை நின்றுவிட்டது என்றால் பொய். கோரை மூலை மட்டும் தப்பித்தது. அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்வேன். போன வாரமும் போயிருந்தேன்.

"புதுசா கூடு கட்டியிருக்குதுங்ணா. நடுவுல ஜிகினாத் துண்டு ஒண்ணு மின்னுது."

வேட்டியில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எந்தச் சாமி மாலையோ, கெடக்கட்டும். கூடு சாயாம இருக்குதா, அதச் சொல்லு."

சாயவில்லை என்றேன்.