கோர்ட்டு கொடுத்த இரண்டு ஞாயிறு

என் ஏழாம் வயதில் நான் சேலம் கோர்ட்டின் பொறுப்பில் இருந்தேன். வெள்ளைக்காரர் ஆண்ட காலம். பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் கிள்ளினால், "ஜட்ஜு தொரைகிட்டச் சொல்லிப்போடுவன்" என்று மிரட்டுவேன். அந்தத் துரை என்னைப் பார்த்ததுகூட இல்லை.

சங்கதி இதுதான். ஆண் பிள்ளை இல்லையென்று அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கே அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஜேடர்பாளையத்திலிருந்து மோகனூருக்கு, தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளை எனக்குத்தான் என்று அப்பா வழக்குப் போட்டார். தீர்ப்புக்கு நாளாகும் என்பதால் கோர்ட்டு ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம் இருக்கட்டும்; மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வந்து மோகனூர் ஆற்றங்கரைச் சத்திரத்தில் பார்த்துவிட்டுப் போகட்டும்.

முதல் தடவை அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, மாமாவோடு சத்திரத்துக்கு அனுப்பினாள். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். அப்பா வரவில்லை. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்பார்கள். மாமாவும் என்னோடு காய்ந்தார். ஆனால் திரும்பும்போது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தயா? கோர்ட்டு சொல்லியே எட்டிப் பாக்கல. வக்கீலுக்கு ஒரு காயிதம் போட்டாப் போதும், புள்ள நமக்குத்தான்" என்றார் அம்மாவிடம். நான் சோறு வேண்டாமென்று அழுதேன். அப்பா என்னை மறந்துவிட்டார் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. ஆவணி பிறந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்க ஆற்றுக்குப் போன அம்மா போன சுருக்கில் அழுக்கு மூட்டையோடு திரும்பி வந்தாள்.

"வா சாமி, தல பின்னியுடறேன். சத்தரத்துல உங்கப்பா வந்து உக்காந்திருக்காங்க."

எங்கள் பக்கம் மாதம் என்றால் சித்திரை, வைகாசிதான். விதைப்பும் கல்யாணமும் அந்தக் கணக்கில்தான் நடக்கும். கோர்ட்டின் மாதமோ இங்கிலீஷ் மாதம். கோர்ட்டு கச்சேரிக்குப் போய்ப் பழகிய மாமாவுக்கு அது தெரியும். காட்டை விட்டு நகராத அப்பா, ஆவணி முதல் ஞாயிறு என்று எண்ணி, முந்தின நாளே வண்டி கட்டி வந்திருந்தார்.

மாமா வாயெடுத்தார். "தேதி தவறுனாத் தவறுனதுதான்..."

"காயிதமெல்லாம் வேண்டாங்கண்ணா" என்றாள் அம்மா. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"இன்னைக்கும் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. கோர்ட்டு மாசத்துல ஒரு ஞாயிறு, நம்ம மாசத்துல ஒரு ஞாயிறு. ரெண்டு சொல்லியிருக்குது. உங்கப்பாகிட்டயும் சொல்லிப்போடு."

ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ச் சொன்னேன். துண்டில் கட்டி வந்த பச்சைக் கடலையை எனக்காக உரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றுவிட்டது.

"கோர்ட்டா சொல்லுச்சு, ரெண்டுன்னு?"

"அம்மா சொல்லுச்சுங்க, கோர்ட்டு சொல்லுச்சுன்னு."

அப்பா கடலையைக் கீழே வைத்தார். பிறகு என் பின்னலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "உங்கம்மா பின்னுனதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் அதையே கேட்டார். பிள்ளைக்கு ஒழுங்காகத் தலை வாருகிறார்களா என்று வழக்குக்குச் சாட்சி சேர்க்கிறார் என நினைத்து, போகும் வழியெல்லாம் பின்னல் கலையாமல் பிடித்துக்கொண்டு போவேன். அம்மா தோற்றுவிடக் கூடாதே!

அப்பா இரண்டு ஞாயிறும் தவறாமல் வந்தார். அம்மா ஒருநாளும் சத்திரத்துப் படி ஏறவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் எதிர்ப் படித்துறையில் அவளுக்குத் துவைக்க மூட்டை மூட்டையாகத் துணி இருக்கும். முந்தின நாள் துவைத்து மடித்த என் பாவாடையைக்கூட மறுபடி கல்லில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குச் சுத்தம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அப்பா தானாகவே வழக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எல்லாம் நம் வக்கீலின் சாமர்த்தியம் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். நான் அம்மாவிடம் ஓடினேன்.

"இனிக் கோர்ட்டு இல்லியேம்மா, ஞாயித்துக்கெழம?"

"அது பாட்டுக்கு இருக்கும் போ" என்றாள் அம்மா. இருந்தது.

அம்மா காலமான பிறகு அவளுடைய தகரப் பெட்டியில் அந்த உத்தரவின் நகல் கிடைத்தது. அப்போது எனக்கே பேத்தி இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். ஒரு ஞாயிறுதான் இருந்தது.