நான் திருகிய ஸ்க்ரூ

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் தண்டையார்பேட்டையில் ஒரு குடோன் மாடியில் கூடி வாசிப்போம். நான் கிடார். என்னிடம் இருந்தது பழைய டியூப் ஆம்ப், கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. அந்தக் காலத்து ரேடியோக்களில் இருந்ததுபோல் உள்ளே கண்ணாடி டியூப்கள் சூடாகி மினுங்கும்.

ராயபுரத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளை ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர்தான் அதையும் பார்த்துக்கொடுப்பார். போன வருடம் புது பவர் டியூப்கள் இரண்டு போட்டு, பயாஸ் வைத்துக் கொடுத்தார். டியூப் சும்மா நிற்கும்போது அதில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதுதான் பயாஸ். குறைந்தால் சத்தம் வறண்டுபோகும். கூடினால் டியூப் தன் சூட்டிலேயே வெந்துவிடும். ஆம்பின் பின்பக்கத்தில் ஒரு சின்ன துளை, அதற்குள் அந்தக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ. அவர் மீட்டரை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டியூப் சூடாகச் சூடாக முள் நகரும், அவர் கொஞ்சம் திருப்புவார், மறுபடி காத்திருப்பார். முடித்ததும் ஸ்க்ரூ நகராமலிருக்க அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தார்.

"இத்த மட்டும் தொடாத தம்பி. சவுண்டு புடிக்கலன்னா எட்த்துனு வா, நான் பாக்குறேன்" என்றார்.

அந்த வாரமே வாசித்துப் பார்த்தேன், எனக்குச் சவுண்டு பிடிக்கவில்லைதான். இன்னும் கொஞ்சம் தடிமனாக வேண்டும் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு போகச் சோம்பல். போனில் யாரோ ஒருவன் அந்த ஸ்க்ரூவைத் திருகிக் காட்டிய வீடியோவைப் பார்த்தேன். அவன் மீட்டர் வைத்திருந்தான். என்னிடம் மீட்டர் கிடையாது. காதை நம்பித் திருகினேன். பாலிஷ் பொடியாக உதிர்ந்தது. சத்தம் நிஜமாகவே கொழுத்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கால் சுற்று.

அந்த ஞாயிறு மூன்றாவது பாட்டை வாசிக்கும்போது பொசுங்கும் வாசனை வந்தது. டிரம்ஸ் வாசிப்பவன்தான் முதலில் பார்த்தான்: டியூபுக்குள் இருக்கும் தகடு அடுப்புக்கரி போலச் சிவந்திருந்தது. நான் சுவிட்சை அணைப்பதற்குள் பட்டென்று ஒரு சத்தம், ஆம்ப் செத்தது.

"இன்னா மச்சி ஆச்சு? இப்பதான ரிப்பேரு பண்ண?" என்று அவன் கேட்டான்.

"அந்த மெக்கானிக் ஒழுங்கா பண்ணல போலகீது" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் அந்த டிரம்ஸ்காரனே என்னையும் ஆம்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ராயபுரம் வந்தான். மீனவக் குடும்பத்துப் பையன், நியாயம் கேட்காமல் இருக்க மாட்டான். கடையில் படகுக்காரர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஆரம்பித்தான்.

"இன்னாண்ணா வேலை செஞ்சிகீற? டியூபு செவந்து எரிஞ்சிபோச்சி. நெருப்பு புடிச்சிருந்தா இன்னா ஆவறது?"

அண்ணன் ஆம்பை வாங்கி மேசைமேல் வைத்தார். ஆம்பைத் திருப்பி டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தார். சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டார். சிவப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ எதுனா தொட்டியா?"

"இல்லண்ணே."

அவர் ஸ்க்ரூடிரைவர் நுனியைத் துணியில் துடைத்தார். "செரி. வச்சிட்டுப் போ" என்றார்.

நின்றிருந்தவர்களில் ஒரு படகுக்காரர் மேசைமேல் இருந்த தன் வயர்லெஸ் செட்டைக் கையில் எடுத்தார். "இல்ல நைனா, வேற எடத்துல குட்த்துப் பாக்குறேன். கடலுக்குள்ள நின்னுபோச்சின்னா பேஜாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அண்ணன் தடுக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது. திறக்கவில்லை.

இரண்டு வாரம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். அண்ணன் பார்சல் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான்தான் திருகினேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏண்ணே எல்லார் எதிர்லயும் சொல்லல?"

"கேட்டேன்ல. இல்லன்ன. அதுக்கு மேல உன்னாண்ட சண்டை போட சொல்றியா?" குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. "என்னாண்ட சொல்லி இன்னா? செட்ட எட்த்துனு போனாரே, அந்தாளாண்ட போய் சொல்லு."

காசிமேட்டில் அந்தப் படகுக்காரரைத் தேடிப் பிடித்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டார்.

"செரிப்பா. ஆனா இப்ப குட்த்த எடத்துல நல்லாதான் ஓடினுகீது. திருப்பி மாத்தினுகீறதுக்கு இன்னா கீது?" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

டிரம்ஸ்காரனிடமும் சொன்னேன். இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தான். வாசித்தான், பேசவில்லை. அந்தக் கடைக்குப் போய் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான் என்று வேறொருவன் சொல்லித்தான் தெரிந்தது. நான் செய்ததற்கு அவன் கேட்ட மன்னிப்பு.

ஆம்பை அண்ணன் சரிசெய்து கொடுத்தார், அதே நிதானத்தோடு. ஆனால் சவுண்டு பிடிக்கவில்லை என்றால் எடுத்து வா என்று இந்த முறை சொல்லவில்லை.