அம்மாவின் தப்பு விடைகள்

என் அம்மா தப்பு விடை எழுதுவதில் பேர் போனவள். இது எனக்குத் தெரியவந்தது அவள் இறந்த பிறகு. சொன்னவர் அவளோடு வேலை பார்த்த டீச்சர்.

அம்மா எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினாள். அந்த வகுப்புப் பிள்ளைகள் மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. டீச்சர் வீட்டில் பிறந்தால் அம்மாவில் ஒரு பங்கை வகுப்புக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு வயிறெரிந்தது கோடை விடுமுறையில்தான். மாநிலம் முழுவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் அறிவியல் தேர்வுக்குக் கேள்வி எழுதும் குழுவில் அம்மா இருந்தாள். விடுமுறை தொடங்கியதும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்குக் கிளம்பிவிடுவாள். அறை வாசலில் ஒரு தட்டு. கைபேசியை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருக்கும். உள்ளே பேசியதை வெளியே மூச்சு விடக் கூடாது.

அம்மா மூச்சு விடவில்லை. சாயங்காலம் சிரித்த முகத்தோடு வருவாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டால், நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று பேச்சை மாற்றுவாள். அந்தச் சிரிப்பு மூன்றாம் மாடியில் செலவாகி, மிச்சம்தான் வீட்டுக்கு வந்தது. முழுச் சிரிப்பையும் பார்த்தவர் பக்கத்து நாற்காலியில் இருந்த இந்த டீச்சர்.

அடக்கம் செய்த அன்று அவர் என்னைவிட அதிகமாக அழுதார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் கருவிப் பொறியியல் படித்தவள். ஆலைகளில் வெப்பமானி, அழுத்தமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அழுகையை அளக்கக் கருவி கிடையாது என்று எனக்குத் தெரியும். அளந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மூன்றாம் மாடியில் ஏசி குளிர் தாங்காதாம். அம்மா அதை நாற்காலி முதுகிலேயே மாட்டி வைத்திருந்தாளாம். அப்படி ஒரு சட்டை அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சர் சாப்பாட்டு மேசையில் அம்மா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு நாற்காலிகளும் இருந்தன.

"அவ இல்லாம அந்த ரூமுக்குள்ள போகவே முடியலம்மா," என்றார்.

என் முன்னால் அம்மாவை யாரும் 'அவ' என்று சொன்னதில்லை.

அங்கே அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே நன்றாக இல்லை. டீச்சர் கண்டுகொள்ளாமல் கைபேசியை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினார். பழைய தேர்வுக் கேள்விகளில் சிலவற்றைப் பிள்ளைகள் பழகிப் பார்க்க வெளியே விட்டுவிடுவார்களாம். வெளியே வந்துவிட்ட கேள்வியைப் பற்றிப் பேசலாம். இது அம்மாவுடையது.

படத்தில் இரண்டு தட்டுகள். இரண்டிலும் ஒரே அளவு பனிக்கட்டி. ஒன்று கம்பளியில் சுற்றியது, இன்னொன்று சும்மா. எது முதலில் உருகும், ஏன்? நான்கு விடைகள். இரண்டாவது விடை: கம்பளியில் சுற்றியது, ஏனென்றால் கம்பளி சூடு கொடுக்கும்.

என் கை மடியில் இருந்த சட்டையை இறுக்கிப் பிடித்தது.

டீச்சர் நிதானமாக விளக்கினார். ஒரு கேள்வி எழுதியதும் தேர்வுக்குப் போய்விடாது. முதலில் வேறொரு குழு அதைப் பிரித்து மேயும். ஒரு வகை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்த பொருள் எதுவும் அதில் வந்துவிடக் கூடாது. பிறகு நிஜத் தேர்வின் நடுவே கலந்து வைப்பார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் எது அந்தக் கேள்வி என்று பிள்ளைக்குத் தெரியாது. வெள்ளோட்டம் முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தவறவிட்டு, படிக்காத பிள்ளைகள் சரியாகச் செய்திருந்தால் கேள்வியில் கோளாறு, தூக்கிவிடுவார்கள். யாருமே தொடாத தப்பு விடை இருந்தாலும் கேள்வி தேறாது. தேறியது அடுத்த தேர்வில் மதிப்பெண்ணுக்கு வரும்.

கருவியைச் சோதிக்கும் முறைதான். எனக்கு உடனே புரிந்தது. அம்மா இதை என்னிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ பேசியிருக்கலாம்.

"சரியான விடையை யார் வேணா எழுதிடலாம்," என்றார் டீச்சர். "தப்பு விடைதான் கஷ்டம். நாங்க யோசிச்சு எழுதினா ஒரு பிள்ளையும் சீண்டாது. அவ எழுதினா மாநிலமே போய் விழும். தப்பு டீச்சர்னுதான் அவளைக் கூப்பிடுவோம். இதுல பாதிப் பேருக்கு மேல ரெண்டாவதைத்தான் தொட்டாங்க. எங்கடி புடிக்கிறேன்னு கேட்டா, வீட்ல ஒண்ணு வளருதுன்னு சொல்லிட்டுச் சிரிப்பா."

அந்த ஒன்று நான்.

சின்ன வயதில் பனிக்கட்டி சீக்கிரம் உருக வேண்டும் என்று அதை என் ஸ்வெட்டரில் சுற்றினேன். அம்மா திட்டவில்லை. ஏன் அப்படி நினைக்கிறாய் என்று மட்டும் கேட்டாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். இந்த மேசைதான். அன்று அவள் எனக்காக உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தேன். மறுநாள் மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். எனக்குத் தராத சிரிப்பை அங்கே என்னை வைத்தே சிரித்திருக்கிறாள்.

"எங்களுக்கெல்லாம் உன்மேல அப்படி ஒரு பொறாமை," என்றார் டீச்சர். "என் பையன் எதைக் கேட்டாலும் சரியாச் சொல்லித் தொலைப்பான்."

சிரித்துவிட்டேன். சிரித்ததும் ஆத்திரமாக வந்தது. எனக்கென்று எதையாவது மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. நான் எட்டாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடையில் அம்மா குழுவுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தாள். இரண்டு பேரும் கொல்லைக் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தோம். அதை டீச்சர் முன்னால் எடுத்துப் போட்டேன்.

"நான் எட்டாவது போன வருஷம் அம்மா எனக்காக லீவு போட்டாங்க."

டீச்சர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"அது ரூல்மா. தேர்வு எழுதற வகுப்புல சொந்தப் பிள்ளை இருந்தா அந்தச் சுற்றுக்கே உள்ள விட மாட்டாங்க. அவ நாற்காலியை நாங்க யாருக்கும் குடுக்கல."

அதுவும் போயிற்று. ஜன்னல் வழியே நீலக் கதவு தெரிந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பாதரச வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, பாதரசம் கீழே இறங்கக் கையை வீசி அதை உதறுவாள். உதறும்போது காய்ச்சல் என் உடம்பிலிருந்து கொட்டிப்போகிறது என்று நான் நம்பினேன். இன்னும் உதறு என்பேன். அதற்கு மட்டும், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று அவள் கேட்டதே இல்லை. உதறிவிட்டு, போயிடுச்சா என்பாள். போகவில்லை என்பேன். மறுபடி உதறுவாள், நான் தூங்கும் வரைக்கும். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் பார்த்தது நெற்றிக்கு நேரே நீட்டும் கருவி. உதற ஒன்றும் இல்லை.

"காய்ச்சலைப் பத்தி அம்மா ஏதாவது கேள்வி எழுதியிருக்காங்களா?" என்றேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான்.

டீச்சர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். "இருந்தா, சொல்ல முடியாதுன்னு சொல்லியிருப்பேன். இல்லாததைச் சொல்ல ரூல் எதுவும் குறுக்க வராது. காய்ச்சல், மருந்து, தெர்மாமீட்டர் எதுவுமே அவகிட்டேயிருந்து வந்ததில்ல."

பிறகு முன்னால் சாய்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். அம்மாவுக்கும் அங்கே இப்படித்தான் வந்திருக்கும்.

"ஏம்மா, உன் கைவசம் ஏதாவது இருக்கா? அவ போனதிலேருந்து எங்களுக்குத் தப்புக்குப் பஞ்சம். ஒண்ணு குடேன். அவ பேரைச் சொல்லியே வைக்கிறேன்."

உதறினால் காய்ச்சல் கொட்டிப்போகும். நல்ல தப்பு அது. பாதிப் பேராவது அதைத் தொடுவார்கள்.

"இல்ல டீச்சர்," என்றேன். "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல."