குடியிருந்தவர்களைக் காலி செய்த மேஸ்திரி

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில், தோல் ஊறப்போடும் பிரிவுக்கு நான் மேஸ்திரி. ஊறும் தோலில் பாக்டீரியா புகுந்தால் தோல் பாழ். வாடை கொஞ்சம் மாறினாலே தோல் ஊறும் ட்ரம்மில் மருந்தை ஊற்றச் சொல்லிக் கத்துவேன். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

போன வருஷம் சளி பிடித்தது. சளி போயிற்று, இருமல் போகவில்லை. சர்ச்சில் அறுப்புப் பண்டிகைக்குப் பத்து நாள்தான் இருந்தது. பாடகர் குழுவில் தனிப்பாட்டு எப்போதும் எனக்குத்தான். நான் இருமும்போதெல்லாம் அதே குழுவில் பாடும் என் சகலை தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானான். அவனுக்கு விட்டுக்கொடுப்பதா? அந்த எரிச்சலிலேயே இன்னும் நாலு தடவை இருமினேன்.

வேலூரில் டாக்டரம்மா, இருமலில் வந்த கோழையைப் பரிசோதனைக்கு அனுப்பினார். 'வழக்கமாக இருக்கும் பாக்டீரியாக்கள் மட்டும்' என்று ரிப்போர்ட் வந்தது. 'வழக்கமாக', 'மட்டும்' இரண்டும் என் கண்ணில் படவேயில்லை. மனைவிக்குப் பல் பிடுங்கியபோது வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரையில் ஒரு அட்டை மிச்சமிருந்தது. எடுத்தேன்.

"இன்னாங்க, டாக்டர கேக்காமலேயா?" என்றாள் மனைவி.

"பாக்டீரியாவப் பத்தி எனக்கே பாடமா? ட்ரம்முல ஊத்தற மாதிரிதான் இதுவும்."

ஐந்து நாள் விழுங்கினேன். இருமல் அப்படியே இருந்தது, வயிறு வேறு போக ஆரம்பித்தது. மறுபடி வேலூருக்கு ஓடினேன். மாத்திரை விழுங்கியதைச் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த பாக்டீரியாங்க எல்லார் நுரையீரல்லயும் கொஞ்சம் இருக்கும்ங்க. அங்க காவலுக்குன்னு ஒடம்போட செல்லுங்களும் இருக்கு. இதுங்களோட பழகிப் பழகித்தான், எதுமேல பாயணும், எத சும்மா விடணும்னு அதுங்களுக்குப் புரியுது. சளிக்குக் கிளம்பின காவல் இன்னும் அடங்கல, அதான் இருமல். தானா அடங்கும். நீங்க தெரிஞ்ச மொகத்தையெல்லாம் அடிச்சுத் தொரத்திட்டீங்க."

"தோலுக்கு அப்படித்தானே செய்றோம்?"

"அது செத்த தோல், மேஸ்திரி. அதுக்குக் காவல் கெடையாது. உங்களுக்கு இருக்கு."

"அப்போ வயிறு?"

"அங்கயும் குடியிருந்தாங்க."

பண்டிகை ஞாயிறு. பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்திருக்க, எழுந்து நின்றேன். டாக்டரம்மா சொன்னபடியே இருமல் அடங்கியிருந்தது. முதல் சரணம் கணீரென்று வந்தது. சகலையின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு அப்படியொரு சந்தோஷம். இரண்டாவது சரணத்தில் வயிறு கடமுடவென்றது. அந்தச் சரணத்தை எப்படியோ முடித்துவிட்டு ஓடினேன்.

மூன்றாவது சரணத்தைச் சர்ச்சுக்குப் பின்னால், கழிப்பறையில் உட்கார்ந்துதான் கேட்டேன். சகலைதான். ஒரு பிசிறு இல்லை. நன்றாகத்தான் பாடினான், பாவி.